குரோமில் வைத்த பாஸ்வேர்ட் எல்லாம் எங்கே போச்சு?

கேள்வி: வீட்டுக் கணினியின் விண்டோஸ் பாஸ்வேர்டை என் கணவர் மறந்துவிட்டார். கடையில் கொடுத்தோம், அரை மணி நேரத்தில் புதுசு போட்டுக் கொடுத்தார்கள். படங்கள், கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. குரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர் அழித்துவிட்டாரா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பாவம், அவரைத் திட்ட வேண்டாம், அழித்திருக்க மாட்டார். குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது, அந்தப் பூட்டின் சாவி உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டோடு முடிச்சுப் போட்டது. பழைய பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு நீங்களே மாற்றியிருந்தால் விண்டோஸ் முடிச்சையும் மாற்றிப் போட்டிருக்கும். வெளியிலிருந்து ரீசெட் செய்யும்போது பழையது தெரியாதே, அதனால் சாவி கைக்கு எட்டாமல் போய்விடுகிறது.

முதலில் கைபேசியில் பாருங்கள். அதே கூகல் கணக்கில் சின்க் (எல்லாச் சாதனங்களிலும் ஒன்றுபோலச் சேமிக்கும் வசதி) போட்டிருந்தால் எல்லாம் கூகல் கணக்கிலேயே இருக்கும், பாஸ்வேர்ட்ஸ் டாட் கூகல் டாட் காம் என்று தட்டினாலே தெரியும். அங்கேயும் இல்லையா? சரி, உங்கள் கணவரை உட்கார வைத்து நிதானமாக யோசிக்கச் சொல்லுங்கள். பழைய பாஸ்வேர்ட் நினைவுக்கு வந்தால், அதையே மறுபடி விண்டோஸ் பாஸ்வேர்டாகப் போட்டுப் பாருங்கள், பூட்டு திறக்க நல்ல வாய்ப்பு உண்டு. வரவில்லையென்றால் ஒவ்வொரு தளத்திலும் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அழுத்த வேண்டியதுதான், முதலில் மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் ரீசெட் இணைப்பு அங்கேதான் வரும். 'மீட்டுத் தருகிறேன்' என்று சொல்லி உங்கள் கணினிக்குள் தூரத்திலிருந்து நுழையக் கேட்பவருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள், சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

இந்தச் சாவி விஷயத்தில் நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். புது மடிக்கணினி வாங்கியபோது பழைய குரோம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தேன், புக்மார்க் எல்லாம் வந்து சேர்ந்தது, பாஸ்வேர்ட் ஒன்றும் வரவில்லை. சாவி பழைய கணினியிலேயே தங்கிவிட்டது! பழையதில் குரோம் செட்டிங்ஸுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் சிஎஸ்வி கோப்பை (பாஸ்வேர்டுகளின் சாதாரணப் பட்டியல்) புதியதில் இம்போர்ட் செய்திருக்க வேண்டும். அந்தக் கோப்பில் எல்லாம் பச்சையாக, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும், வேலை முடிந்ததும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு வேறு கதை: லாகின்ஸ் டாட் ஜேசன், கீ4 டாட் டிபி என்ற இரண்டு கோப்புகளையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும், ஒன்று மட்டும் போனால் பயனில்லை.

கேள்வி: ஒரே ஒரு தளத்தில் மட்டும் 'சேமிக்கவா?' என்று குரோம் கேட்பதே இல்லை. ஏன்?
– வாசகர், ஈசூன்

பதில்: எப்போதோ அவசரத்தில் 'நெவர்' அழுத்தியிருப்பீர்கள். பாஸ்வேர்ட் மேனேஜர் செட்டிங்ஸில் கீழே, சேமிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன தளங்களின் பட்டியல் இருக்கும், அங்கே அந்தத் தளத்தை நீக்கிவிடுங்கள், அடுத்த முறை கேட்கும். குரோமை மூடித் திறக்கும்போதெல்லாம் தளங்கள் உங்களை வெளியே தள்ளுகின்றன என்றால் அது பாஸ்வேர்ட் கோளாறு அல்ல, மூடும்போது குக்கீ (நீங்கள் உள்ளே நுழைந்ததைத் தளம் நினைவில் வைக்கும் சிறு குறிப்பு) அழிக்கும் அமைப்பு போட்டிருக்கிறது.

கேள்வி: அம்மா பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறார். ஆபத்தா?
– வாசகி, பிடோக்

பதில்: கணினித் திரையில் 'பாஸ்வேர்ட்' என்று பெயர் போட்டு ஒரு வேர்ட் கோப்பை வைப்பதைவிட எவ்வளவோ மேல். இணையத்தில் திருடுகிறவன் அந்த அலமாரியைத் திறக்க முடியாது. சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளக் கணக்கு) பாஸ்வேர்டையும் வங்கி பாஸ்வேர்டையும் மட்டும் அதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.