முதலில் படத்தை விரியுங்கள்: புவியியல் ஆசிரியராக விரும்புவோரின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உயர்தரப் பெறுபேறு கையில் கிடைத்த சூட்டோடு எழுதியவை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

டொரன்டோவில் இருக்கும் அக்கா, படிப்பிக்க லைசன்ஸ் வேண்டும் என்கிறார். இங்கே அதை எங்கே எடுப்பது? (நோர்வூட்)

அக்கா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. ஒன்டாரியோவில் அதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. அதன் சான்றிதழ் இல்லாமல் அரச பாடசாலையில் கற்பிக்க முடியாது. நம் நாட்டில் அப்படித் தனி லைசன்ஸ் கிடையாது. இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் பெறுவதுதான் உங்கள் அனுமதி. உங்களுக்கு முன்னால் இருக்கும் பிரதான வழிகள் இரண்டு: கல்வியியற் கல்லூரி டிப்ளோமா அல்லது பட்டம். "லைசன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மூலச் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். விண்ணப்ப அறிவித்தல் வெளியாகும் அரச வர்த்தமானியை நீங்களே வாசியுங்கள்.

பத்தனையா, பேராதனையா? (புசல்லாவை, இன்னும் சிலர்)

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைத்திருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகம். உயர்தர வகுப்பு எடுக்க ஆசைப்படுபவருக்குப் பட்டப்படிப்பின் ஆழம் தேவை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி என்றால் மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில், மூன்றாம் வருடம் கட்டுறு பயிலுனராக, அதாவது பயிற்சி ஆசிரியராக, பாடசாலையில். வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு சம்பளம் வேண்டிய பிள்ளைக்கு இது நல்ல வழி. வெளிவாரிப் பட்டத்தைப் பிறகு செய்யலாம், பலர் செய்கிறார்கள். எந்தப் பாடநெறிக்கு, எந்த மொழிமூலத்தில் ஆள் எடுக்கிறார்கள், வயதெல்லை என்ன என்பதெல்லாம் வர்த்தமானியில் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

சேர், நான் ஆர்ட்ஸ் செய்தேன். டீச்சராகலாமா? உடனே பதில் வேண்டும். (ஊர் இல்லை)

எந்த வருடம், என்ன பாடங்கள், என்ன பெறுபேறு, எந்த மாவட்டம்? ஒன்றுமே எழுதவில்லை. இவை இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. திருப்பி எழுதுங்கள்.

எனக்குப் படவேலை, அதாவது வரைபடம் வாசிப்பதும் வரைவதும், பிடிக்காது. உயர்தரத்திலும் அதை விட்டுவிட்டுத்தான் நல்ல பெறுபேறு எடுத்தேன். மற்றப் பகுதிகளை நன்றாகப் படிப்பித்தால் போதாதா? (ஹட்டன்)

போதாது. இந்தக் கேள்வியில் எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. "இடவிளக்கப்படக் கேள்வியை விடு, மற்றதில் புள்ளி எடுக்கலாம்" என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் மேல்தான் கோபம். மலையகத்தில் எத்தனையோ வகுப்பறைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். அதிபரின் அலுமாரியில் படம் சுருட்டியபடி கிடக்கும், பிள்ளைகள் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆறுகளின் பெயரை வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, தன் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை எங்கே போகிறது என்று தெரியாது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

நீங்கள் ஹட்டனில் இருப்பது பெரிய வசதி. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் உங்கள் பகுதியை வாங்கி விரியுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். முதலில் டிக்கோயாவையும் கொட்டகலையையும் தேடுங்கள். டிக்கோயாப் பக்கம் பெய்யும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி, கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து, கொழும்புக்கு அருகே கடலுக்குப் போகிறது. கொட்டகலைப் பக்கம் பெய்வது கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியாகிக் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது, 300 கிலோமீற்றருக்கு மேல். இந்த இரண்டு மழைக்கும் நடுவில் இருக்கும் நீர்பிரிமேட்டைப் பென்சிலால் வரையுங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடுகள் வி வடிவில் மேட்டுப்பக்கம் கூராக வளைந்தால் அது பள்ளத்தாக்கு, பள்ளப்பக்கம் வளைந்தால் கிளைக்குன்று. நீங்கள் வரைந்த நீர்பிரிமேட்டுக் கோடு ஓடையைக் குறுக்கே வெட்டினால் எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள்; அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் படத்தை எடுத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறி நில்லுங்கள். ஒரு சனிக்கிழமை போதும்.

இதை ஒரு தரம் செய்தவர் தென்மேல் பருவக்காற்றையும் வேறு மாதிரிப் படிப்பிப்பார். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் காற்று, மலையைத் தாண்டி வெலிமடைக்கு வரும்போது ஏன் காய்ந்து போகிறது? "மழையொதுக்குப் பிரதேசம்" என்று பலகையில் எழுதினால் அது வெறும் சொல். குறுக்குவெட்டுமுகம் வரைந்து, காற்று எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பிள்ளையையே குறிக்கச் சொன்னால் பாடம் நடந்துவிட்டது. படவேலை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கும்வரை செய்யுங்கள். முடியாது என்றால் வரலாறு எடுங்கள். அதுவும் நல்ல பாடம்தான்.

பட்டதாரி நியமனத்துக்கான செயன்முறைப் பரீட்சையில் எதைக் கற்பித்துக் காட்டலாம்? (பதுளை)

சில நிமிடம்தான் தருவார்கள். ஒரே எண்ணக்கருவை எடுங்கள். மேலே சொன்ன வட்டவளை, வெலிமடை ஒப்பீடு தாராளமாகப் போதும். கையில் படம் இருக்கட்டும். திரையில் காட்டலாம் என்று மின்சாரத்தை நம்பிப் போகாதீர்கள்.

மண்சரிவுப் பாடம் எடுக்கப் பயமாக இருக்கிறது. மீரியாபெத்தையில் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். (கட்டுறு பயிலுனர், ஹல்துமுல்லைப் பகுதி)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மகள். அங்கே மலை சரிந்த 2014 ஒக்டோபர் 29ஐ வைத்துப் பாடத்தைத் தொடங்காதீர்கள். அன்றைய புகைப்படங்களையும் காட்ட வேண்டாம். பிள்ளைகளாகப் பேசினால் கேளுங்கள். பாடத்தைத் தற்காப்பிலிருந்து தொடங்குங்கள்: நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்று. அப்புறம் மழை அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். தோட்டத்து ஆபீசில் மழைமானிக் கணக்கு எழுதுவார்கள். அனுமதி கேட்டு ஒரு மாதக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே வரைபாக்குங்கள். வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவுக்குச் சொல்லக்கூடிய பாடம் இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வகுப்பிலேயே வாசித்துக் காட்டுங்கள்.

இலங்கையின் நிலம் கரையோரத்திலிருந்து மலைநாடு வரை மூன்று படிகளாக இருக்கிறது என்னும் மூன்று அரிப்புத் தளக் கொள்கை பழையது என்கிறார்களே, படிக்கத்தான் வேண்டுமா? (மாத்தளை)

படியுங்கள். அடம்ஸ் 1929இல் சொன்னதையும், நிலத்திணிவு உயர்ந்தது என்று வாடியா பிறகு சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உயர்தரப் பிள்ளை இரண்டையும் கேட்பான்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமா இல்லாமல் விண்ணப்பிக்கலாமா? (பண்டாரவளை)

பெரும்பாலும் பட்டத்தோடு விண்ணப்பித்து நியமனம் பெற்று, பிறகு அந்த டிப்ளோமாவைச் செய்கிறார்கள். ஆனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பதவியுயர்வு அதில்தான் போய் முட்டும். வகுப்பு முகாமைத்துவமும் மதிப்பீடும் அங்கேதான் ஒழுங்காகக் கற்கிறோம். திறந்த பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் இருக்கிறது, தேசிய கல்வி நிறுவகமும் நடத்துகிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். முடிவுத் திகதிக்கு முதல் நாள் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.