'இஃப்' வந்தால் எதற்கு இறந்தகாலம்?

'இஃப் ஐ வுட் ஹேவ் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியதை ஆசிரியர் ஏன் தவறென்று அடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை வாக்கியத்தில் 'வுட்' இஃப் பக்கம் வராது, அடுத்த பாதியில்தான் வரும். 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்' என்பதே சரி.

இப்போது இல்லாத பணத்துக்கு இறந்தகாலமான 'ஹேட்' எதற்கு என்ற உங்கள் குழப்பம் நியாயமானது. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்கிறோம். பணம் வர வாய்ப்பிருந்தாலும் வெறும் கற்பனையானாலும் தமிழில் ஒரே வடிவம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. வாய்ப்பிருந்தால் 'ஹேவ்', 'வில்'. கற்பனை என்றால் 'ஹேட்', 'வுட்'. இந்த 'ஹேட்' காலத்தைக் காட்டவில்லை, நிஜத்திலிருந்து விலகி நிற்பதைக் காட்டுகிறது. 'இஃப் ஐ வேர் யூ' என்பதில் வரும் 'வேர்' கூட அப்படித்தான். பேச்சில் 'வாஸ்' கேட்பீர்கள். தேர்வில் 'வேர்' எழுதுங்கள்.

அப்புறம், முடிந்துபோன விஷயத்துக்குத் தமிழே கைகொடுக்கும். 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதில் இரு பக்கமும் 'இரு' ஒட்டுகிறது அல்லவா? அதேபோல 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்'.