லட்சம் பேருக்கு 47

அன்புள்ள ஐயா,

தற்கொலையாலும் மனச்சோர்வாலும் 2009-ல் மட்டும் சுமார் 2.7 லட்சம் கோடி யென் நட்டம் என்று ஜப்பான் அரசே கணக்குப் போட்டதாகப் படித்தேன். செத்துப்போனவர்களைப் பணத்தால் அளப்பது அருவருப்பாக இல்லையா? சாகத் துணிந்தவரை யார் தடுக்க முடியும்? வறுமை தீராமல் இது தீருமா?

க., விழுப்புரம்

அன்புள்ள க.,

அருவருப்பு எனக்கும் உண்டு, ஆனால் என் புகார் வேறு. இந்த மாதிரிக் கணக்குகளில் உயிர் என்பது பெரும்பாலும் வராமல் போன சம்பளம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆத்தாவுக்கு அதில் மதிப்பு பூஜ்யம். சொந்தக் காட்டில் கூலியில்லாமல் களையெடுப்பவளுக்கும் கிட்டத்தட்ட அதேதான். தடுக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் கணக்கு உருப்படியாகும்.

இலங்கையைப் பாருங்கள். 1950-ல் லட்சம் பேருக்கு ஆறேழு தற்கொலைகள். 1995-ல் 47. விவசாயத்தோடு வீட்டுக்குள் வந்த பூச்சிமருந்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1984-ல் ஆரம்பித்து, 1995, 1998, அப்புறம் 2008 முதல் 2011 வரை, கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2005-க்குள் விகிதம் பாதியானது. இடையில் போரும் நடந்தது, சுனாமியும் வந்தது. வறுமை எங்கும் ஓடிவிடவில்லை. மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்கூடக் குறையவில்லை. வந்தவர்களில் முன்னைவிட அதிகம் பேர் பிழைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

துணிந்தவர் என்கிறீர்கள். பலருக்கு அது வீட்டுச் சண்டைக்குப் பிந்தைய சில நிமிட ஆத்திரம். அதைத் தாண்டிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

1995 முதல் 2015 வரை அந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அரசுக்கு நேரடிச் செலவு உயிர் ஒன்றுக்கு 50 டாலருக்கும் குறைவு! நெல் விளைச்சலும் சரியவில்லை.

கடன், குடி, அடி உதை எல்லாவற்றையும் தீர்க்கத்தான் வேண்டும், சரி. அது தலைமுறை வேலை. ஒரு பூச்சிமருந்தை விற்க அனுமதிக்கும் பதிவை ரத்து செய்ய அவ்வளவு காலம் வேண்டாம். நம் ஊரிலும் 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளைத் தடை செய்தது, 60 நாளுக்கு. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் மாநிலத்துக்கு இப்படித் தற்காலிகத் தடை போட மட்டுமே இடமுண்டு. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பலாம்.

படிப்பவர் யாருக்காவது இப்போது மனம் தாங்கவில்லை என்றால் உடனே பேசுங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926.