மீந்த உருளை மசியலில் சீஸ் கட்லெட்: கேட்டதும் சொன்னதும்

அக்கா, பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு இரண்டு கப் மீந்துவிட்டது. சூடாக்கித் தட்டினால் கையோடு வருகிறதே?

சூடாக்கியதுதான் தப்பு. குளிர்ந்தால்தான் கிழங்கின் மாவுச்சத்து இறுகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிசையுங்கள். இரண்டு கப்புக்கு ஒரு முட்டை, கால் கப் மைதா, முக்கால் கப் துருவிய சீஸ், மிளகு, கொஞ்சம் வெங்காயத்தாள். மசியலிலும் சீஸிலும் உப்பு இருக்கும், முட்டை விடுமுன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை சேர்க்க மாட்டோம்.

இரண்டு ஸ்பூன் கார்ன்ஃபிளார் போதும்.

எந்த சீஸ் நல்லது?

மொசரெல்லா நூலாக இழுபடும், ருசி மந்தம். செடாரில் ருசி உண்டு, இழுவை இல்லை. பாதிப் பாதி போடுவேன். பனீர் உருகாது, அதை நம்பி இறங்காதீர்கள்.

கல்லில் போட்டதும் உடைகிறது. சீஸும் ஒழுகிக் கருகுகிறது.

பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். காரணம் கிழங்கில்லை, நம் அவசரம். போட்ட அரை நிமிடத்தில் தோசைத் திருப்பியை உள்ளே விட்டுப் பார்க்கிறோம். அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகினால் தானே கல்லை விட்டு நழுவும். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. அரை அங்குலக் கனம் வையுங்கள், ஓரத்தில் வெடிப்பு இருந்தால் ஈரக்கையால் தடவி மூடுங்கள். தட்டியதை அரை மணி நேரம் மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ரஸ்க் தூளில் புரட்டிப் போடுங்கள். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. பிரிந்தால் மீதிக்கு மாவு சேர்த்துக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் சீஸ் ஒழுகத்தான் செய்யும். கல்லில் வலையாக முறுகிக் கிடக்கும் அதற்குத்தான் எங்கள் வீட்டில் அடிதடி.

மிக்ஸியில் அடித்த கிழங்கு பசையாகிவிட்டது.

மாவுச்சத்து முழுக்க வெளியேறிவிட்டது, பழைய நிலைக்கு வராது. ரொட்டித்தூள் தாராளமாகப் போட்டுச் சிறிய உருண்டையாகப் பொரியுங்கள்.

மசியலை எத்தனை நாள் வைக்கலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததென்றால் வேண்டாம்.

பூரிக் கிழங்கு மீந்தால்?

செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர் அதிகம். வாணலியில் சுருள வற்றவிட்டு, ஆறியபின் ஒரு கை பொட்டுக்கடலை மாவு சேருங்கள். மஞ்சளும் பச்சைமிளகாயும் முன்னே நிற்பதால் சீஸ் பாதி போதும். முதல் தடவை வற்றவிடாமல் தட்டிவிட்டு, கடைசியில் அத்தனையையும் வழித்துச் சப்பாத்திக்குள் வைத்துச் சமாளித்தேன்.