லண்டன் கேலரியில் பிள்ளைகளோடு: இரண்டே படம் போதும்

நேஷனல் கேலரிக்குள் போன பத்தாவது நிமிடமே ஏழு வயது மகன் 'போகலாம்' என்று இழுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். எல்லா அறையும் சுற்றாதீர்கள். வான் ஐக் 1434இல் வரைந்த அர்னால்ஃபினி தம்பதி படத்தின் முன் நிறுத்தி, கழற்றிப் போட்ட மரச்செருப்பு, ஜன்னலோர ஆரஞ்சு, எரிகிற ஒற்றை மெழுகுவர்த்தி மூன்றையும் தேடச் சொல்லுங்கள். சுவர்க்கண்ணாடிக்குள் வாசலில் நிற்கும் இருவரைக் கடைசிக்கு வையுங்கள்.

அப்புறம் ஹோல்பைனின் 'தூதர்கள்', 1533. கிடார் மாதிரியான லூட் வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கும், பெரியவர்களே தவறவிடுவார்கள். கீழே சாய்ந்து நீளும் சாம்பல் கறையைப் படத்தின் வலப்பக்க ஓரத்தில் நின்று பார்த்தால் மண்டையோடு! பையன் பயப்படுவான் என்றால் அதை விட்டுவிடலாம். விடையை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை வந்தது.