மெஷின் வாங்குவதா, பஸ் காசு கொடுப்பதா?

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஓஎல்லோடு, அதாவது சாதாரண தரப் பரீட்சையோடு, படிப்பு நின்றுவிட்ட பிள்ளைகளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், வெல்லாவெளி

பதில்: மெஷினை இப்போதைக்கு விடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரைப் பிள்ளைகள் தொழிற்பயிற்சியைப் பாதியில் விடுவது பெரும்பாலும் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல்தான், பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டால் பெண் பிள்ளை எப்படி வீடு வருவாள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது, அதனால் அந்தப் பணத்தை முதலில் போக்குவரத்துக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம், ஊர் கராஜில் லேண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) எஞ்சினைக் கழற்றி, பிஸ்டன் ரிங் மாற்றி, திரும்பப் பூட்டும் பொடியன்கள் இருப்பார்களே, கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல்! அவர்கள் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. செய்து பழகிய வேலையை மதிப்பிட்டே என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நைட்டாவில் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில்) இருக்கிறது. அதில் 4ஆம் மட்டம் எடுத்தால் 5, 6 என்று டிப்ளோமாவுக்கும் போகலாம். வெளிநாடு போக நினைப்பவனுக்கும் அது உதவும்.

பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. எந்தத் தொழில் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.