வாசகர் கேள்வி பதில்: ‘உறுதிப்படுத்தப்பட்ட தகவல்’

கேள்வி: மழை பிடித்தால் போதும், எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் “உறுதிப்படுத்தப்பட்ட தகவல்”, “அனைவருக்கும் பகிரவும்” என்று மண்சரிவுச் செய்திகள் குவிகின்றன. எதை நம்புவது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: உறுதிப்படுத்தியது யார் என்று சொல்லாத செய்தியில்தான் அந்த வார்த்தை தவறாமல் இருக்கும்! செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது. மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அதில் பிரதேச செயலகப் பிரிவு, வெளியிட்ட நேரம், எதுவரை செல்லுபடியாகும் என்பதெல்லாம் இருக்கும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். கொப்பி பண்ணுகிறவர்கள் முதலில் வெட்டுவது திகதியைத்தான். போன வருஷத்துச் சிவப்பு இந்த வருஷமும் சுற்றுவது அதனால்தான். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள். ஆனால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே நிலம் புதிதாக வெடித்திருந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, எந்தச் செய்திக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழை நாட்களில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி குழுவை மாற்றிவிடலாம். கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: மரண அறிவித்தலுக்குக் கீழே வரிசையாக “ஆழ்ந்த அனுதாபங்கள்”. இறுதிக்கிரியை நேரத்தைத் தேடவே முடியவில்லையே?
– வாசகர், ஹட்டன்

பதில்: அறிவித்தலை அழுத்திப் பிடித்துக் கைகூப்பும் குறியை வைத்தாலே போதும். அட்மின் அதை 24 மணித்தியாலத்துக்கு ‘பின்’ பண்ணட்டும்.